ஒட்டுப் போட்டு வளரும் இணைய விளையாட்டு

கீழ்க்காணும் பனுவலை வாசித்திடுக.

கோலசிலாங்கூர் மாவட்டத்தில் பெஸ்தாரி ஜெயாவை அடுத்துள்ள தென்னமரம் தோட்டத்திற்கு நாட்டு வரலாற்றில் தனியிடம் உண்டு. 1917-ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோகோனியே எனும் பிரெஞ்சுக்காரர் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை அங்கேதான் உருவாக்கினார். முதியோர் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே அழைக்கும் அவ்வட்டாரத்திலிருந்து புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம் எனப் பல ஊர்களிலும் செம்பனை பரவியது. அத்தோட்டங்களிலும் அவற்றையொட்டிய தாமான்களிலும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன.

மாலை வேளையில் தோட்டத்துத் திடலில் பந்து உருள்வது பழைய காட்சி. இன்றோ பந்தாட்டம் முடிந்த பிறகு, அதே இளைஞர்கள் திறன்பேசியில் ஐவர் ஐவராக அணி சேர்ந்து இணைய விளையாட்டிலும் மோதுகின்றனர். இது வெறும் பொழுதுபோக்காக மட்டும் நிற்கவில்லை. 2016-ஆம் ஆண்டு வெளிவந்த 'மொபைல் லெஜண்ட்ஸ்' விளையாட்டின் அனைத்துலகப் போட்டியொன்று 2024 ஜூலையில் சவூதி அரேபியாவின் ரியாத் நகரில் நடைபெற்றது. அதன் இறுதியாட்டத்தில் பிலிப்பைன்ஸ் அணியை 4–3 எனும் ஆட்டக்கணக்கில் வென்று வாகை சூடியது 'சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ்' எனும் மலேசிய அணி.

இத்தகைய விளையாட்டுகளை ஆடுவோர் அனைவரும் அறிந்த ஒரு காட்சி உண்டு. விளையாட்டைத் திறந்தவுடன் 'புதிய பதிப்பு உள்ளது, பதிவிறக்கம் செய்க' எனும் அறிவிப்பு தோன்றும். திரையின் அடியில் ஒரு பட்டை மெல்ல நகரும். அது நூறு விழுக்காட்டை எட்டும்வரை ஆட்டத்திற்குள் நுழைய இயலாது. வேகமான இணையம் உள்ள வீட்டில் அக்காத்திருப்பு ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடும். செம்பனைக் காட்டின் நடுவே அலைவரிசை மெலிந்திருக்கும் வீட்டிலோ மணிக்கணக்கில் நீளலாம். ஏன் இப்படிக் காத்திருக்க வேண்டும்? அக்காத்திருப்பைக் குறைக்கப் பொறியாளர்கள் என்ன செய்துள்ளனர்? இவ்வினாக்களுக்கு விடை தேடினால், மின்னிலக்க உலகில் சமவாய்ப்பு என்பதன் பொருளும் விளங்கும்.

பெரட்டுக்களமும் பதிப்பு எண்ணும்

ரப்பர்த் தோட்டக் காலத்தில் விடியும் முன்பே தொழிலாளர்கள் பெரட்டுக்களத்தில் கூடுவர். அங்கே பெயர் வாசிக்கப்படும். யாருக்கு எந்த நிரை என்பது அறிவிக்கப்படும். அன்றைய கட்டளையைக் கேட்காமல் நேரே காட்டுக்குப் போனவர் பிறர் நிரையில் கத்தியை வைக்க நேரிடும். எனவே, பெரட்டு முடிந்த பிறகே வேலை தொடங்கும்.

இணைய விளையாட்டிலும் ஒரு பெரட்டு நடக்கிறது. விளையாட்டைத் திறந்ததும் திறன்பேசி தன்னிடமுள்ள பதிப்பு எண்ணைச் சேவையகத்திற்கு அனுப்புகிறது. சேவையகம் அதனைத் தன் எண்ணோடு ஒப்பிடுகிறது. இரண்டும் பொருந்தினால் கதவு திறக்கும். பொருந்தாவிட்டால் புதுப்பித்த பிறகே உள்ளே விடும்.

இதற்குத் தெளிவான காரணம் உண்டு. ஒரு வீரனின் அடி நேற்றுவரை எதிரியிடமிருந்து 300 உயிர்ப்புள்ளிகளைக் குறைத்தது எனக் கொள்வோம். அவன் அளவுக்கு மீறி வலிமை பெற்றுவிட்டான் என்று கருதி, விளையாட்டை உருவாக்கியோர் இன்று அதனை 280 ஆகக் குறைக்கின்றனர். ஒருவர் பழைய பதிப்பையும் மற்றவர் புதிய பதிப்பையும் வைத்து மோதினால் என்ன ஆகும்? 290 உயிர்ப்புள்ளிகளோடு நிற்கும் எதிரி முதலாமவரின் திரையில் வீழ்ந்து கிடப்பான். இரண்டாமவரின் திரையில் ஓடிக்கொண்டிருப்பான். வென்றவர் யார் என்பதே குழப்பமாகிவிடும்.

பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் சிற்றூர்க் கணினி மையங்களில் 'டோத்தா' ஆடியவர்களுக்கு இது நன்கு தெரியும். அவ்விளையாட்டு ஒரு வரைபடக் கோப்பாக வெளிவந்தது. ஓர் அறையில் சேரும் பத்துப் பேரிடமும் ஒரே பதிப்பு எண்ணுள்ள வரைபடம் இருக்க வேண்டும். இல்லாத ஒருவர் சேர்ந்தால், ஆட்டத்தை நடத்துபவரின் கணினியிலிருந்து அவருக்குக் கோப்பு இறங்கும்வரை மற்ற ஒன்பது பேரும் காத்திருப்பர்.

கோலசிலாங்கூரின் கம்போங் குவாந்தானில் சிலாங்கூர் ஆற்றங்கரையின் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒரே தாளத்தில் ஒளிர்ந்து அணைவதைக் காணப் பயணிகள் வருகின்றனர். அம்மின்மினிகளுக்குத் தலைவன் இல்லை. ஒவ்வொன்றும் தன் அருகிலுள்ளவற்றின் ஒளியைக் கண்டு தன் தாளத்தைச் சரிசெய்துகொள்கிறது. இணைய விளையாட்டில் அப்படி விட்டுவிட முடியாது. யாரேனும் ஒருவர் ஏமாற்றலாம். ஒருவரின் இணையம் தடைபடலாம். ஆகவே, எல்லாருக்கும் பொதுவான தாளத்தைச் சேவையகமே முடிவு செய்கிறது. அத்தாளத்திற்கு ஒத்துப்போக எல்லாரிடமும் ஒரே பதிப்பு இருந்தாக வேண்டும்.

'ஒட்டு' எனும் சொல்

விளையாட்டின் குறையைத் திருத்தவோ புதியதைச் சேர்க்கவோ அனுப்பப்படும் சிறு கோப்பை ஆங்கிலத்தில் 'பேட்ச்' என்பர். கிழிந்த துணியில் போடும் ஒட்டைக் குறிக்கும் சொல்லே அது. கணினித் துறையில் இச்சொல் உவமையாகப் பிறக்கவில்லை. உண்மையான ஒட்டிலிருந்தே பிறந்தது. தொடக்கக் காலக் கணினிகளுக்குக் கட்டளைகள் துளையிட்ட தாள் நாடாவாகக் கொடுக்கப்பட்டன. ஒரு துளை தவறாகிவிட்டால் நாடா முழுவதையும் மீண்டும் துளைக்கமாட்டார்கள். தவறான துளையின்மீது சிறு தாள் துண்டை ஒட்டி மறைத்துவிடுவர். அல்லது அப்பகுதியை மட்டும் வெட்டியெடுத்து வேறு துண்டை இணைப்பர். 1944-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய ஹார்வர்ட் மார்க் 1 கணினியின் நாடாக்களில் இத்தகைய ஒட்டுகளை இன்றும் காணலாம்.

இணையம் பரவிய பின்னர் ஒட்டு, கோப்பாக மாறியது. ஆனால், அதனைக் கொண்டுசேர்ப்பது எளிதாக இருக்கவில்லை. 2000-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் 'கவுண்டர் ஸ்டிரைக்' விளையாட்டுக்குப் புதிய ஒட்டு வரும்போதெல்லாம் ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் அதனைத் தாமே தேடிப் பதிவிறக்க வேண்டியிருந்தது. அதனைச் செய்யாத பலர் சில நாள்களுக்கு ஆட்டத்தில் சேர இயலாமல் போயினர். இச்சிக்கலைத் தீர்க்க வால்வ் நிறுவனம் 2003 செப்டம்பரில் 'ஸ்டீம்' எனும் செயலியை வெளியிட்டது. அது பின்னணியில் இயங்கி ஒட்டுகளைத் தானே பெற்றுப் போட்டது. இன்று விளையாட்டுகளை விற்கும் பெருஞ்சந்தையாக விளங்கும் ஸ்டீம், தொடக்கத்தில் ஒட்டுப் போடும் வேலைக்காகவே பெரிதும் தேவைப்பட்டது.

முழுத் துணியா? ஒட்டு மட்டுமா?

சட்டையில் விரலளவு கிழிந்தால் யாரும் புதுச்சட்டை தைப்பதில்லை. அதுபோலவே, 2,000 மெகாபைட் அளவுள்ள விளையாட்டில் சிறு பகுதி மட்டும் மாறியிருந்தால் முழுவதையும் மீண்டும் அனுப்பத் தேவையில்லை. பழைய கோப்பையும் புதிய கோப்பையும் ஒப்பிட்டு, மாறிய பகுதிகளை மட்டும் தொகுத்து அனுப்பினால் போதும். இதனை வேறுபாட்டு ஒட்டு எனலாம். காலின் பெர்சிவல் என்பவர் 2003-ஆம் ஆண்டில் உருவாக்கிய ஒரு வேறுபாட்டு முறை இன்றும் பல இடங்களில் பயன்பாட்டில் உள்ளது. கூகுள் நிறுவனம் தன் செயலிக் கடையில் இவ்வகை முறையை மேம்படுத்தி, 2016 டிசம்பரில் அறிவித்தது. அதனால், புதுப்பிப்பின் அளவு முழுச் செயலியைவிடச் சராசரியாக 65 விழுக்காடு குறைவதாக அந்நிறுவனம் கூறியது.

இச்சேமிப்பின் மதிப்பைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். இணைய வேகம் நொடிக்கு மெகாபிட் எனும் அலகில் சொல்லப்படுகிறது. கோப்பின் அளவோ மெகாபைட்டில் சொல்லப்படுகிறது. 8 பிட் சேர்ந்ததே 1 பைட். எனவே, நொடிக்கு 4 மெகாபிட் வேகம் என்றால் ஒரு நொடியில் அரை மெகாபைட்தான் வந்துசேரும். அவ்வேகத்தில் 2,000 மெகாபைட் கோப்பு இறங்க 4,000 நொடிகள், அதாவது ஒரு மணி 6 நிமிடம் 40 நொடி ஆகும். மாறிய பகுதி 80 மெகாபைட் மட்டுமே என்றால், அது 2 நிமிடம் 40 நொடியில் இறங்கிவிடும். நொடிக்கு 100 மெகாபிட் வேகம் பெற்ற நகர வீட்டில் முழுக் கோப்பே 160 நொடியில் வந்துவிடுகிறது. ஆக, வேறுபாட்டு ஒட்டு கிடைத்தால், வேகமான இணையம் உள்ள வீட்டில் முழுக் கோப்பு இறங்கும் அதே நேரத்தில், மெலிந்த இணையம் உள்ள வீடும் களத்தில் இறங்க முடிகிறது.

நிரை நிரையாக ஒரு கோப்பு

பெரிய கோப்பு ஒரே மூட்டையாக அனுப்பப்படுவதில்லை. தோட்டத்தை நிரை நிரையாகப் பிரிப்பதுபோல் கோப்பும் பல துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு துண்டு 4 மெகாபைட் என்றால் 2,000 மெகாபைட் கோப்பு 500 துண்டுகளாகும். 430 துண்டுகள் வந்த பிறகு மழையால் இணைப்பு அறுந்துபோனால், முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. மீதமுள்ள 70 துண்டுகளைக் கேட்டுப் பெற்றால் போதும். மழை ஓய்ந்ததும் விட்ட நிரையிலிருந்து வேலையைத் தொடர்வது போன்றதே இது.

ஆனால், வந்த துண்டு பழுதில்லாமல் வந்ததா என்பதை எவ்வாறு அறிவது? ஒவ்வொரு துண்டுக்கும் கைரேகை போன்ற ஓர் எண் கணக்கிடப்படுகிறது. துண்டில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் முற்றிலும் மாறிவிடும். சேவையகம் முதலில் எல்லாத் துண்டுகளின் எண்களையும் பட்டியலாக அனுப்புகிறது. திறன்பேசி தான் பெற்ற துண்டுக்கும் அதே முறையில் எண்ணைக் கணக்கிட்டு ஒப்பிடுகிறது. பொருந்தாத துண்டு மட்டும் மீண்டும் கேட்டுப் பெறப்படுகிறது. பதிவிறக்கம் முடிந்த பிறகு 'கோப்புகள் சரிபார்க்கப்படுகின்றன' என்று திரையில் தோன்றும் வேளையில் இவ்வேலைதான் நடைபெறுகிறது.

ஆடிக்கொண்டே பதிவிறக்குதல்

வீட்டைக் கட்டி முடிக்கும் முன்பே கூடத்தில் குடியேறிவிட முடியுமா? விளையாட்டில் அது முடியும். ஆட்டத்தின் தொடக்கத்தில் தேவைப்படும் பகுதிகளை முதலில் அனுப்பி, மற்றவற்றை ஆட்டம் நடக்கும்போதே பின்னணியில் அனுப்புவதே ஸ்ட்ரீமிங் எனப்படும் ஓடைமுறைப் பதிவிறக்கம். வலையொளியில் முழுக் காணொலியும் இறங்கும் முன்பே அதனைப் பார்க்கத் தொடங்குவதோடு இதனை ஒப்பிடலாம். எனினும், ஒரு வேறுபாடு உண்டு. காணொலியில் அடுத்து வரும் காட்சி எது என்பது முன்பே தெரியும். விளையாட்டிலோ ஆடுபவர் அடுத்து எந்தத் திசையில் நடப்பார் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல இயலாது. ஆகவே, அவர் நிற்கும் இடத்திற்கு அருகிலுள்ள பகுதிகளை ஊகித்து முன்கூட்டியே கொண்டுவர வேண்டும்.

2005 ஏப்ரலில் வெளிவந்த 'கில்டு வார்ஸ்' விளையாட்டு இம்முறையைத் துணிந்து கையாண்டது. மிகச்சிறிய தொடக்கக் கோப்போடு ஆடத் தொடங்கலாம். ஆட்டக்காரர் ஒரு நிலப்பகுதிக்குள் நுழையும்போது அப்பகுதிக்கு வேண்டியவை இறங்கும். 2010-ஆம் ஆண்டு 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டும் இவ்வழிக்கு வந்தது. அதன் பதிவிறக்கப் பட்டை சாலை விளக்கு போல் மூன்று நிறங்களைக் காட்டியது. சிவப்பு என்றால் இன்னும் ஆட இயலாது. மஞ்சள் என்றால் ஆடலாம், ஆனால் தடங்கல் வரலாம். பச்சை என்றால் தடையின்றி ஆடலாம். இன்று பல திறன்பேசி விளையாட்டுகள் கடையிலிருந்து சிறிய கோப்பாகவே இறங்குகின்றன. வரைபடம், குரல், கூடுதல் தெளிவுள்ள படங்கள் ஆகியவற்றை ஆட்டக்காரர் தமக்கு வேண்டியபோது தனித்தனியாக இறக்கிக்கொள்ளலாம்.

இம்முறையிலும் குறை உண்டு. தேவையான துண்டு உரிய நேரத்தில் வராவிட்டால் சுவர் வெறும் சாம்பல் நிறமாகத் தெரியும். கதவு திறக்கத் தாமதமாகும். ஆட்டத்திற்கும் பதிவிறக்கத்திற்கும் ஒரே இணைப்பே பயன்படுவதால், பின்னணியில் இறங்கும் கோப்பு ஆட்டத்தைத் தடுமாறச் செய்யும். இதனால்தான், சில விளையாட்டுகள் புதிய பதிப்பைச் சில நாள்களுக்கு முன்பே அனுப்பி வைத்து, குறித்த நாளில் அதனைச் செயல்படுத்துகின்றன. மெதுவான இணையம் உள்ளவர்கள் அதனை நான்கைந்து இரவுகளில் சிறிது சிறிதாக இறக்கிக்கொள்ள முடிகிறது.

தொலைவு எனும் தடை

கோப்பு எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். கண்ணாடி இழை வடத்தில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 இலட்சம் கிலோமீட்டர் பாய்கிறது. அதாவது, 200 கிலோமீட்டரைக் கடக்க ஆயிரத்தில் ஒரு நொடி ஆகும். சுமார் 14,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கலிபோர்னியாவுக்கு ஒரு செய்தி போய்த் திரும்ப, வழியில் எந்தத் தாமதமும் இல்லாவிட்டாலும், ஆயிரத்தில் 140 நொடி வேண்டும். சிங்கப்பூருக்குப் போய்த் திரும்ப அதில் சிறு பகுதியே போதும். எனவே, நிறுவனங்கள் ஒட்டின் படிகளை உலகெங்கும் உள்ள கிடங்குச் சேவையகங்களில் முன்கூட்டியே வைத்துவிடுகின்றன. கோரிக்கை விடுப்பவருக்கு அருகிலுள்ள கிடங்கிலிருந்து கோப்பு வருகிறது.

வேறொரு வழியும் உண்டு. ஒரு துண்டைப் பெற்றுவிட்ட ஆட்டக்காரரின் கணினியே அதனை அடுத்தவருக்கு அனுப்பும் முறை அது. 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' தன் ஒட்டுகளைத் தொடக்கக் காலத்தில் இவ்வாறே பரப்பியது. இலட்சக்கணக்கானோர் ஒரே நாளில் கோப்பைக் கேட்கும்போது சேவையகத்தின் சுமையை இது குறைக்கும். ஆனால், தரவு அளவுக்குப் பணம் செலுத்துபவருக்கு இம்முறையால் செலவு கூடும். அவர் பெறுவதோடு அனுப்புவதும் கணக்கில் சேரும்.

அருகில் கிடங்கு இருந்தாலும் கடைசி ஓரிரு கிலோமீட்டரே பல தோட்டங்களுக்குத் தடையாகிறது. முதன்மைச் சாலையிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளியிருக்கும் சில வீடுகளுக்கு வடம் இழுப்பது செலவுமிக்க வேலை. தொலைத்தொடர்புக் கோபுரத்திற்கும் வீட்டிற்கும் இடையில் அடர்ந்து நிற்கும் செம்பனை ஓலைகள், அதிலும் மழைநீரில் நனைந்த ஓலைகள், வானொலி அலைகளை உறிஞ்சிவிடுகின்றன.

ஒட்டுப் போடாவிட்டால்? தவறாகப் போட்டால்?

இவ்வளவு தொல்லை இருப்பதால் புதுப்பிப்பையே தவிர்த்துவிடலாமே எனச் சிலர் எண்ணக்கூடும். 2017-ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று அதற்கு விடை தருகிறது. விண்டோஸ் இயங்குதளத்தில் இருந்த ஓர் ஓட்டையை அடைக்க மைக்ரோசாப்ட் நிறுவனம் அவ்வாண்டு மார்ச் 14-ஆம் நாள் ஒட்டு ஒன்றை வெளியிட்டது. பலர் அதனைப் போடவில்லை. மே 12-ஆம் நாள் 'வான்னாகிரை' எனும் தீம்பொருள் அதே ஓட்டை வழியாக நுழைந்து, ஏறக்குறைய 150 நாடுகளில் கணினிகளை முடக்கியது. பிரிட்டனில் மருத்துவமனைகள்கூடப் பாதிக்கப்பட்டன.

மறுபுறம், ஒட்டே பழுதாக இருந்தால் விளைவு கடுமையாகும். 2024 ஜூலை 19-ஆம் நாள் கிரவுட்ஸ்டிரைக் எனும் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பால் உலகெங்கும் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் செயலிழந்தன. கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்திலும் பயணிகள் நீண்ட வரிசையில் நிற்க நேர்ந்தது. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பாமல், முதலில் சிறு பகுதியினருக்கு அனுப்பிச் சோதித்த பிறகே மற்றவர்களுக்கு விரிவாக்க வேண்டும் எனும் பாடத்தை இந்நிகழ்வு மீண்டும் உணர்த்தியது. விளையாட்டு நிறுவனங்கள் பலவும் சோதனைச் சேவையகத்தில் ஆடிப் பார்த்த பின்னரே ஒட்டைப் பொதுவில் வெளியிடுகின்றன.

ஒரே தரவு, பல தேவைகள்

தோட்டத்து வீடுகள் சிலவற்றில் தந்தையின் திறன்பேசியே வீடு முழுமைக்கும் இணையம் தருகிறது. அதன் ஹாட்ஸ்பாட்டிலிருந்துதான் அக்காள் பாடக் காணொலி பார்ப்பார், தம்பி விளையாடுவான். முன்கட்டணத் தரவு வரம்புக்கு உட்பட்டது. ஒரு விளையாட்டின் தானியங்கிப் புதுப்பிப்பு யாருக்கும் தெரியாமல் 2 கிகாபைட்டை விழுங்கிவிட்டால், அம்மாத இறுதியில் அக்காளின் பாடம் நின்றுபோகும்.

இந்நெருக்கடியை நாடே கண்ட காலமும் உண்டு. 2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபின் வகுப்பறைகள் இணையத்திற்கு மாறின. அவ்வாண்டு ஜூனில் சபாவின் பித்தாஸ் மாவட்டத்தில் மாணவி ஒருவர் தேர்வெழுத இணைய அலைவரிசை தேடி மரத்தின்மேல் இரவைக் கழித்த செய்தி நாட்டையே உலுக்கியது. அதே ஆண்டில் அரசாங்கம் 'ஜென்டேலா' திட்டத்தை அறிவித்தது. மக்கள் வாழும் பகுதிகளில் நான்காம் தலைமுறை அலைவரிசையின் பரப்பை 91.8 விழுக்காட்டிலிருந்து 96.9 விழுக்காட்டிற்கு உயர்த்துவது அதன் இலக்குகளுள் ஒன்று. 2021-ஆம் ஆண்டு இறுதிக்குள் மூன்றாம் தலைமுறைச் சேவையும் நிறுத்தப்பட்டது. 'நாடி' எனப்படும் சமூக இணைய மையங்களும் நாடு முழுவதும் செயல்படுகின்றன.

உள்கட்டமைப்பு மேம்படும் வேளையில் பயனரும் சிலவற்றைக் கடைப்பிடிக்கலாம்.

1. தானியங்கிப் புதுப்பிப்பை 'வைஃபை வழி மட்டும்' என அமைத்தல்.
2. முன்பதிவிறக்கம் கிடைக்கும்போது, வீட்டில் பிறர் இணையத்தைப் பயன்படுத்தாத நேரத்தில் அதனைத் தொடங்குதல்.
3. ஆடாத வரைபடங்களையும் கூடுதல் படங்களையும் இறக்காமல் விடுதல்.
4. திறன்பேசியில் போதிய காலியிடம் வைத்திருத்தல். ஒட்டைப் போடும் நேரத்தில் பழைய கோப்புக்கும் புதிய கோப்புக்கும் சேர்த்து இடம் தேவைப்படலாம்.
5. அதிகாரத்துவச் செயலிக் கடையிலிருந்து மட்டுமே புதுப்பித்தல். 'இலவச ஒட்டு' என நண்பர்கள்வழி வரும் கோப்பில் கடவுச்சொல்லைத் திருடும் தீம்பொருள் இருக்கக்கூடும்.

வேறுபாட்டு ஒட்டு, துண்டுகளாகப் பிரித்தல், தேவையானதை முதலில் அனுப்புதல், முன்பதிவிறக்கம் ஆகிய உத்திகள் விளையாட்டுக்கு மட்டும் உரியவை அல்ல. பாடக் காணொலிகள், மின்னூல்கள், தேர்வுச் செயலிகள் ஆகியவற்றையும் இதே முறைகளில் அமைக்கலாம். முழுப் பாடத்தையும் மீண்டும் அனுப்பாமல் திருத்திய பக்கத்தை மட்டும் அனுப்பும் செயலி, தோட்டத்து மாணவரின் தரவையும் நேரத்தையும் காக்கும். ஒரு மென்பொருளை உருவாக்குவோர் நகரத்தின் வேகமான இணைப்பில் மட்டும் அதனைச் சோதித்தால், நொடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் வாழ்வோரை அறியாமலேயே வாசலில் நிறுத்திவிடுகின்றனர். அவ்வாசலில் நின்று பழகிய தோட்டத்து மாணவர் ஒருவர் நாளை மென்பொருள் பொறியாளரானால், எந்தப் பகுதியை முதலில் அனுப்ப வேண்டும் என்பதை அவர் பிறரைவிட நன்கு அறிந்திருப்பார்.

அருஞ்சொல் விளக்கம்

ஒட்டு – மென்பொருளின் குறையைத் திருத்தவோ புதியதைச் சேர்க்கவோ அனுப்பப்படும் கோப்பு
பதிப்பு எண் – மென்பொருள் எத்தனையாவது முறை திருத்தப்பட்டது என்பதைக் காட்டும் எண்
சேவையகம் – இணையவழிக் கோரிக்கைகளை ஏற்றுத் தரவு வழங்கும் கணினி
வேறுபாட்டு ஒட்டு – மாறிய பகுதிகளை மட்டும் கொண்ட ஒட்டு
ஓடைமுறைப் பதிவிறக்கம் – பயன்படுத்திக்கொண்டே தொடர்ந்து பதிவிறக்கும் முறை
தீம்பொருள் – தீங்கு விளைவிக்கும் மென்பொருள்
பெரட்டுக்களம் – தோட்டத் தொழிலாளர்கள் காலையில் பெயர் கொடுக்கக் கூடும் இடம்
நிரை – ஒருவருக்கு ஒதுக்கப்படும் மரங்களின் வரிசை

கருத்துணர் கேள்விகள்

1. இணைய விளையாட்டில் அனைவரிடமும் ஒரே பதிப்பு இருக்க வேண்டியதன் காரணத்தை எடுத்துக்காட்டுடன் விளக்கிடுக.
2. 'ஒட்டு' எனும் சொல் கணினித் துறைக்கு வந்த வரலாற்றைச் சுருக்கமாக எழுதிடுக.
3. நொடிக்கு 8 மெகாபிட் வேகத்தில் 300 மெகாபைட் ஒட்டு இறங்க எவ்வளவு நேரம் ஆகும்? கணக்கிடும் வழியையும் காட்டிடுக.
4. காணொலியை ஓடைமுறையில் அனுப்புவதைவிட விளையாட்டை அவ்வாறு அனுப்புவது ஏன் கடினம்?
5. 2017, 2024 ஆகிய ஆண்டுகளில் நடந்த நிகழ்வுகள் புதுப்பிப்பைப் பற்றி உணர்த்தும் இரு வேறு பாடங்கள் யாவை?
6. 'வேகமான இணையம் கிடைத்தால் மட்டுமே சமவாய்ப்பு கிடைக்கும்.' இக்கூற்றை ஏற்கிறீரா? பனுவலிலுள்ள கருத்துகளைத் துணைக்கொண்டு குழுவில் கலந்துரையாடிடுக.